எசேனர் என்ற பெயருக்கு என்ன பொருள்?

கேள்வி: எங்கள் சபையில் பெண்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறேன். இயேசுவின் காலத்து யூதப் பிரிவுகளைப் பற்றி அடுத்த மாதம் பாடம். பரிசேயர், சதுசேயர் பற்றிக் குறிப்பு எழுதி முடித்துவிட்டேன். எசேனரில் வந்து நின்றுவிட்டேன். ஒரு கன்வென்ஷனில் பேசிய ஊழியர், "எசேனர் என்பது கிரேக்கச் சொல், குணமாக்குகிறவர் என்று அர்த்தம், ஆகவே இயேசுவும் எசேனர்தான்" என்றார். என்னிடம் உள்ள வேதாகம அகராதியில் "பரிசுத்தர்" என்று போட்டிருக்கிறது. மகன் கைபேசியில் தேடிக் கொடுத்ததில் "நியாயப்பிரமாணத்தின்படி செய்கிறவர்கள்" என்று வருகிறது. மூன்றில் எது சரி? நீங்கள் கிரேக்கம் கற்பிக்கிறவர் என்பதால் கேட்கிறேன். தமிழில் எசேனர் என்று எழுதுவதா, எஸ்ஸீனியர் என்று எழுதுவதா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அந்தப் பெயர் கிரேக்க எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கிறதே தவிர, அது கிரேக்கச் சொல் இல்லை. கிரேக்க அகராதியைப் புரட்டினால் எசேனர் என்ற பெயருக்கு வேர் கிடைக்காது. யூதேயாவில் எபிரேயமோ அரமேயமோ பேசியவர்கள் வாயில் இருந்த ஒரு சொல்லைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். நீங்கள் சொன்ன மூன்று பொருளும் அந்த மூலச் சொல் எதுவாக இருக்கும் என்பதைப் பற்றிய மூன்று ஊகங்கள். மூன்றுக்கும் ஒரே பலம் இல்லை. உங்கள் அகராதி "பரிசுத்தர்" என்று போட்டிருப்பதை, இன்னும் சரியாகச் சொன்னால் "பக்தியுள்ளவர்" என்பதற்குத்தான் என் மனம் சாய்கிறது. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் அதையும் வகுப்பில் முடிந்த முடிவாகச் சொல்ல வேண்டாம்.

இந்தப் பெயர் நமக்குக் கிடைப்பது முக்கியமாக மூன்று பேரிடமிருந்து. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர் ஃபைலோ, இயேசுவின் காலத்தவர். அவர் எழுதுவது "எஸ்ஸாயோய்". அடுத்தவர் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். கி.பி. 70-ல் எருசலேம் விழுந்த பிறகு ரோமில் இருந்து எழுதியவர். அவர் சில இடங்களில் "எஸ்ஸாயோய்" என்றும் சில இடங்களில் "எஸ்ஸேனோய்" என்றும் இரண்டு விதமாகவும் எழுதுகிறார். மூன்றாமவர் ரோமரான பிளினி. லத்தீனில் "எஸ்ஸேனி". சவக்கடலின் மேற்குப் பக்கத்தில் பெண்கள் இல்லாமல், பணம் இல்லாமல், பேரீச்ச மரங்களைத் துணையாகக் கொண்டு வாழும் கூட்டம் என்று சில வரிகளில் வர்ணித்துவிட்டுப் போய்விடுகிறார். புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். பலருக்கு இது தெரியாது.

"எஸ்ஸாயோய்" என்ற உருவத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். "பரிசாயோய்", "சத்தூகாயோய்" என்பவற்றுக்கும் அதே வால்தான். அரமேய, எபிரேயப் பெயர்களைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவரும்போது ஒட்டுகிற வழக்கமான விகுதி அது. தமிழில் நாம் பரிசேயர், சதுசேயர், நசரேயர், மக்கபேயர் என்று சொல்லும்போது வருகிற "ஏயர்" அந்தக் கிரேக்க விகுதி நம் வேதாகமத்தில் விட்டுச் சென்ற தடம். ஆக விகுதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது "எஸ்" என்ற ஓசை மட்டும்தான். இவ்வளவு சின்ன ஓசையை வைத்துக்கொண்டு மூலச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால்தான் இத்தனை குழப்பம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எபிரேயத்திலும் அரமேயத்திலும் தொண்டையிலிருந்து வருகிற ஒலிகள் சில உண்டு: அலெஃப், ஐயின், ஹேத். இவற்றுக்குக் கிரேக்கத்தில் எழுத்தே கிடையாது. தமிழில் "பாலு" என்று எழுதினால், கேட்டவருக்குத் தவிர மற்றவருக்கு அதில் முதல் எழுத்தை எப்படி ஒலிப்பது என்று தெரியாதல்லவா, அதே மாதிரிதான். ஹேத்தில் தொடங்குகிற சொல், ஐயினில் தொடங்குகிற சொல், அலெஃபில் தொடங்குகிற சொல் மூன்றும் கிரேக்கத்துக்கு வந்ததும் முதல் ஒலியை இழந்து ஏறக்குறைய ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. உங்கள் மூன்று பொருளும் சரியாக இந்த மூன்று எழுத்துகளிலிருந்து பிறந்தவை. "பக்தியுள்ளவர்" ஹேத், "செய்கிறவர்" ஐயின், "குணமாக்குகிறவர்" அலெஃப்.

இப்போது கன்வென்ஷன் ஊழியர் சொன்னதைப் பார்ப்போம். அவர் இல்லாததைச் சொல்லவில்லை. அரமேயத்தில் "ஆஸ்யா" என்றால் வைத்தியர். எசேனர் பெயர் அதிலிருந்து வந்தது என்று சவக்கடல் கரைக் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களை ஆராய்ந்த கெசா வெர்மெஸ் என்ற பெரிய அறிஞரே வாதிட்டிருக்கிறார். எசேனர் முன்னோரின் நூல்களைப் படித்து, நோய் தீர்க்கும் வேர்களையும் கற்களின் குணங்களையும் ஆராய்ந்தார்கள் என்று யோசேப்பஸ் எழுதியிருப்பதும் அதற்கு ஆதரவாகக் காட்டப்படும். ஆனால் யோசேப்பஸ் அவர்களைப் பற்றி எழுதிய நீண்ட பகுதியில் இது ஒரே ஒரு வாக்கியம். ஒரு கூட்டத்துக்குப் பெயரே அதை வைத்து வரும் அளவுக்கு வைத்தியம் அவர்கள் வாழ்வில் முன்னால் நின்றதாக அவர் காட்டவில்லை.

"கிரேக்கத்தில் குணமாக்குகிறவர்" என்று அவர் சொன்னது வேறொரு சொல்லிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். "தெரபியூட்டாய்" என்ற சொல். அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில் மரேயோத்திஸ் ஏரிக்கரையில் தியான வாழ்க்கை வாழ்ந்த ஒரு யூதக் கூட்டத்துக்கு ஃபைலோ கொடுக்கும் பெயர் அது. ஆண்களும் பெண்களும் அதில் இருந்தார்கள். இது உண்மையிலேயே கிரேக்கச் சொல். இதற்குப் பொருள் உண்டு. ஒன்றல்ல, இரண்டு. குணமாக்குகிறவர் என்றும் பொருள், பணிவிடை செய்கிறவர், அதாவது தெய்வத்தை வழிபடுகிறவர் என்றும் பொருள். ஃபைலோவே இரண்டையும் சொல்லி, ஆத்துமாவின் நோயைத் தீர்ப்பதாலோ கடவுளை வழிபடுவதாலோ இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்கிறார். இந்த இரண்டாவது பொருளை உங்கள் கையிலுள்ள வேதாகமத்திலேயே பார்க்கலாம். அப்போஸ்தலர் 17:25-ல், தேவன் "மனுஷர் கைகளால் பணிவிடைகொள்ளுகிறதுமில்லை" என்று பவுல் அத்தேனே பட்டணத்தாரிடம் சொல்கிறார். அங்கே கிரேக்கத்தில் இருப்பது, சுவிசேஷங்களில் இயேசு நோயாளிகளைச் சொஸ்தமாக்கினார் என்று வருகிற அதே வினைச்சொல்.

எசேனரைப் பற்றி எழுதும் இடத்தில் ஃபைலோ அவர்களையும் "தேயூ தெரபியூட்டாய்" என்கிறார். அங்கே பொருள் "தேவனுக்குப் பணிவிடை செய்கிறவர்கள்". அடுத்த வார்த்தையே அதைக் காட்டிக்கொடுக்கிறது: மிருகங்களைப் பலியிட்டு அல்ல, தங்கள் மனதைப் பரிசுத்தமாக்கி அந்தப் பணிவிடையைச் செய்கிறார்கள் என்று தொடர்கிறார். வைத்தியத்துக்கு அங்கே இடமே இல்லை. இந்த ஒரு வரியைப் பாதியாகப் படித்து, தெரபியூட்டாய் என்றால் வைத்தியர், எசேனரைத் தெரபியூட்டாய் என்று சொல்லியிருக்கிறது, ஆகவே எசேனர் என்றால் வைத்தியர் என்று கோர்த்துவிடுகிறார்கள். ஏரிக்கரைக் கூட்டத்தைப் பற்றி எழுதத் தொடங்கும்போது, முன்பு எசேனரைப் பற்றிச் சொன்னேன், அவர்கள் செயல் வாழ்க்கையைத் தேர்ந்தவர்கள், இனி தியான வாழ்க்கையைத் தேர்ந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஃபைலோ இரண்டையும் பிரித்தே பேசுகிறார்.

உங்கள் அகராதியிலுள்ள "பரிசுத்தர்" என்பதும் ஃபைலோவிடமிருந்து வந்ததுதான். அவர் எழுதியதன் சாரம் இது: பாலஸ்தீனச் சீரியாவில் எஸ்ஸாயோய் என்ற பெயருடையவர்கள் 4000-க்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்; என் கருத்துப்படி அந்தப் பெயர் "ஹோசியோட்டேஸ்" என்ற சொல்லைத் தழுவியது, ஆனால் கிரேக்க மொழியின் முறைப்படி அது துல்லியமான உருவம் இல்லை. "என் கருத்துப்படி", "துல்லியமான உருவம் இல்லை" என்ற இரண்டு எச்சரிக்கையையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறார். அவரைப் பயன்படுத்தும் அகராதிகள் இந்த இரண்டையும் வெட்டிவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துப் போடுகின்றன. எனக்கு இது வருத்தமாக இருக்கும். பழைய ஆசிரியர் இவ்வளவு நேர்மையாகத் தன் தயக்கத்தைப் பதிவு செய்திருக்கும்போது அதை நாம் ஏன் அழிக்க வேண்டும்?

"ஹோசியோட்டேஸ்" என்றால் என்ன? பரிசுத்தம் என்று மொழிபெயர்ப்பதில் தவறில்லை, ஆனால் வழக்கமாக நாம் பரிசுத்தம் என்று சொல்வது "ஹகியோஸ்" என்ற வேறு சொல். தேவனுக்கென்று பிரித்து வைக்கப்பட்டது என்பது அதன் பொருள். "ஹோசியோஸ்" என்பது தேவனுக்கு முன்பாகப் பயபக்தியோடும் உண்மையோடும் நடக்கிறவரைக் குறிக்கும். அப்போஸ்தலர் 2:27-ல் பேதுரு 16-ம் சங்கீதத்தை எடுத்துச் சொல்லும்போது "உம்முடைய பரிசுத்தர் அழிவைக் காணவொட்டீர்" என்று வருகிறதல்லவா, அங்கே கிரேக்கத்தில் இருப்பது ஹோசியோஸ். சங்கீதத்தின் எபிரேயத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் "ஹசீத்". பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஹசீத் என்ற சொல்லுக்கு வழக்கமாக எடுத்தாண்ட சொல் ஹோசியோஸ்தான். பக்தன், தேவனிடம் பற்றுறுதி உள்ளவன் என்பது அதன் பொருள்.

எனக்கு இதுதான் முக்கியமான தடயம். ஹசீத் என்பதற்கு இணையாக அரமேயத்தின் கிளைமொழியான சீரியத்தில் "ஹஸ்யா" என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் பன்மை இரண்டு வடிவில் வரும்: ஒன்று "ஹசய்யா", இன்னொன்று "ஹசேன்". முதல் ஹேத்தை எடுத்துவிட்டுக் கிரேக்க விகுதியைச் சேர்த்தால் முதலாவது எஸ்ஸாயோய்க்கும் இரண்டாவது எஸ்ஸேனோய்க்கும் பக்கத்தில் வந்து நிற்கிறது. யோசேப்பஸ் ஏன் இரண்டு உருவங்களையும் எழுதினார் என்பதற்கு இந்த வேர்ச்சொல் எளிதாக விளக்கம் தருகிறது. அந்தப் பெயருக்குப் பக்தியுள்ளவர் என்று பொருள் என்பதை ஃபைலோ எங்கோ கேள்விப்பட்டிருப்பார். அந்தப் பொருளும் ஏறக்குறைய அந்த ஓசையும் உள்ள கிரேக்கச் சொல்லைத் தேடி ஹோசியோட்டேஸில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார் என்று நினைக்க இடமிருக்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. ஹஸ்யா என்ற சொல் நமக்கு நன்றாகத் தெரிவது பிற்காலச் சீரியத்தில். இயேசுவின் காலத்து யூதேயாவில் மக்கள் அதைப் பேசினார்கள் என்பதற்குச் சான்று மெலிவாக இருக்கிறது. மக்கபேயர் நூலில் "அசிதாயோய்" என்று ஒரு கூட்டம் வருகிறது. அது ஹசீதிம் என்ற எபிரேயப் பன்மையின் கிரேக்க உருவம் என்பதில் சந்தேகமில்லை. அங்கே "த" ஒலி அப்படியே இருக்கிறது, எஸ்ஸாயோயில் இல்லை. ஆகவே எபிரேயத்திலிருந்து நேரே வந்தது என்று சொல்ல முடியாது. அரமேய வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

மகன் தேடிக் கொடுத்த "செய்கிறவர்கள்" என்பதையும் ஒதுக்கிவிடாதீர்கள். சவக்கடல் கரையிலுள்ள கும்ரான் குகைகளில் 1947 தொடங்கிக் கிடைத்த அந்தச் சுருள்களில் ஆபகூக் புத்தகத்துக்கு எழுதிய விளக்கம் ஒன்று உண்டு. அதில் "யூதாவின் வீட்டில் தோராவை (நியாயப்பிரமாணத்தை)ச் செய்கிற அனைவரும்" என்று வருகிறது. அந்தக் கூட்டத்தார் தங்களைச் சார்ந்தவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். "ஓஸே ஹத்தோரா" என்பது எபிரேயத் தொடர். கும்ரானில் வாழ்ந்தவர்கள் எசேனர் அல்லது அவர்களுக்கு நெருங்கியவர்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. சுருள்களை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவரான எலயாசர் சுகேனிக் 1948-லேயே அதைச் சொல்லிவிட்டார். அப்படியானால் இது அவர்கள் வாயிலிருந்தே வந்த சொல் என்ற பலம் இந்த ஊகத்துக்கு உண்டு. 4-ம் நூற்றாண்டில் எபிப்பானியு என்ற ஆயர் "ஒஸ்ஸாயோய்" என்று ஒகரத்தோடு எழுதுவதையும் சேர்த்துக் காட்டுவார்கள். எனக்குள்ள தயக்கம், "தோரா" என்ற பாதியைத் தொலைத்துவிட்டு வெறும் "செய்கிறவர்" என்பது எப்படி ஒரு கூட்டத்தின் பெயராக நின்றிருக்கும் என்பதுதான். அந்த ஒகரம் எகரமானது எப்படி என்பதையும் விளக்க வேண்டியிருக்கிறது. எசேனர் என்ற பெயர் தெளிவாகத் தெரியும் உருவத்தில் சுருள்களில் எங்கும் இல்லை. அவர்கள் தங்களை "யஹாத்", அதாவது ஐக்கியம் என்றார்கள். ஒளியின் பிள்ளைகள் என்றார்கள்.

ஓசை ஒற்றுமையை மட்டும் நம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு உண்மையான ஓர் உதாரணம் சொல்கிறேன். எபேசு பட்டணத்தில் அர்த்தெமி தேவியின் கோயிலில் ஒரு வருடம் சுத்தாசாரத்தோடு பணி செய்தவர்களுக்கு "எஸ்ஸேன்" என்றே பெயர் இருந்தது. பவுசானியா என்ற கிரேக்கப் பயண ஆசிரியர் குறித்திருக்கிறார். ஓசை கிட்டத்தட்ட அதே, சுத்தாசாரமும் ஒத்துப்போகிறது. ஆனாலும் அர்த்தெமியின் கோயிலுக்கும் யூதேயாவில் நியாயப்பிரமாணத்துக்கு உயிரைக் கொடுத்தவர்களுக்கும் என்ன தொடர்பு? யோசேப்பஸ்கூடப் பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்தை "எஸ்ஸேன்" என்கிறார். அது "ஹோஷென்" என்ற எபிரேயச் சொல். அதை எசேனர் பெயரோடு முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. யோசேப்பஸ் போடவில்லை.

சரி, இயேசு எசேனரா என்ற கேள்விக்கு வருவோம். பெயரின் பொருள் குணமாக்குகிறவர் என்றே வைத்துக்கொண்டாலும் அது நிரூபணம் ஆகாது. குணமாக்கியவர்கள் எல்லாரும் எசேனர் இல்லையே. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை வைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வுநாளை மற்ற யூதர்களைவிடக் கண்டிப்பாக அவர்கள் ஆசரித்தார்கள் என்று யோசேப்பஸ் சொல்கிறார். தமஸ்கு நூல் என்று ஒரு பழைய நூல் உண்டு. கெய்ரோவில் ஒரு ஜெப ஆலயத்தின் பழைய ஏட்டறையில் கிடைத்து 1910-ல் வெளியானது. பிறகு அதன் துண்டுகள் கும்ரானிலும் கிடைத்தன. ஓய்வுநாளில் மிருகம் ஒன்று குழியில் விழுந்தால் அதைத் தூக்கிவிடக் கூடாது என்பது அதிலுள்ள சட்டம். மத்தேயு 12:11-ல் இயேசு கேட்பதை இப்போது படித்துப் பாருங்கள்: உங்களில் எந்த மனுஷனுக்காகிலும் ஒரு ஆடு இருந்து அது ஓய்வுநாளில் குழியில் விழுந்தால் அதைப் பிடித்துத் தூக்கிவிடமாட்டானா? தூக்கிவிடுவான் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறார். ஒப்புக்கொள்ளாத ஒரு கூட்டம் அதே நாட்டில், அதே காலத்தில் இருந்தது. ஆண்டவர் அந்தக் கூட்டத்தின் குரலில் பேசவில்லை. வகுப்பில் இந்த இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பெயர் ஆராய்ச்சியைவிட இது பெண்களுக்கு மனதில் நிற்கும்.

அதே மாதிரி இன்னொரு பகுதியும் கொடுக்கலாம். யோசேப்பஸ் எழுதிய யூதப் போர் நூலின் 2-ம் புத்தகத்தில் எசேனர் பற்றிய பகுதி இருக்கிறது. சேர வருகிறவனுக்கு ஒரு சிறு கோடரியும் இடைக்கச்சையும் வெள்ளை உடையும் கொடுப்பார்கள். ஒரு வருடம் வெளியே வைத்துச் சோதித்து, பிறகு மேலும் 2 வருடம் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். சாப்பாட்டுக்கு முன் குளிர்ந்த நீரில் குளித்து, ஒன்றாக உட்கார்ந்து, ஆசாரியர் ஜெபித்த பிறகே உணவில் கைவைப்பார்கள். கூட்டத்தின் நடுவே எச்சில் துப்பக் கூடாது. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் கும்ரானில் கிடைத்த ஐக்கிய விதிநூலில் கூட்டத்தின் நடுவே துப்புகிறவனுக்கு 30 நாள் தண்டனை என்று எழுதியிருக்கிறது. இந்த மாதிரி ஒற்றுமைகள் சேர்ந்துதான் சுருள்களையும் எசேனரையும் இணைக்கின்றன, பெயரின் வேர்ச்சொல் அல்ல.

இன்னொரு சொல்லையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். "பிரிவு" என்று நாம் சொல்வதற்கு யோசேப்பஸ் பயன்படுத்துவது "ஹைரெசிஸ்". தேர்ந்தெடுத்தல் என்பது வேர்ப்பொருள். ஒருவர் தேர்ந்துகொண்ட தத்துவப் பள்ளி, வாழ்க்கை முறை என்று வழக்கில் வந்தது. அதில் இழிவு இல்லை. அப்போஸ்தலர் 5:17-ல் இதே சொல்லைத்தான் நம் பழைய மொழிபெயர்ப்பு "சதுசேய சமயத்தார்" என்கிறது; 24:14-ல், தன்மேல் குற்றம் சாட்டுகிறவர்கள் சொல்லும் சொல்லாகப் பவுல் எடுத்துச் சொல்லும்போது அதையே "மதபேதம்" என்கிறது. கள்ளப்போதகம் என்ற பொருள் பிறகு திருச்சபை எழுத்தாளர்கள் கையில் இறுகியது. எசேனரை யோசேப்பஸ் ஹைரெசிஸ் என்று அழைப்பதால் அவர்கள் ஒதுக்கப்பட்ட கள்ளக்கூட்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பரிசேயரையும் சதுசேயரையும் அவர் அப்படித்தான் அழைக்கிறார்.

வகுப்பில் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டுமென்றால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: "எசேனர் என்ற பெயரின் பொருள் உறுதியாகத் தெரியவில்லை, பக்தியுள்ளவர் என்ற பொருள்படும் அரமேயச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலருடைய கருத்து." யாராவது குணமாக்குகிறவர் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னால், அப்படியும் ஒரு கருத்து உண்டு என்று ஒப்புக்கொண்டு, அப்போஸ்தலர் 17:25-ஐ எடுத்துக் காட்டுங்கள். அந்த ஊழியரைக் குறைசொல்லத் தேவையில்லை. அவர் கையில் கிடைத்த புத்தகம் அப்படி இருந்திருக்கும்.

எழுத்துக்கூட்டலைப் பொறுத்தவரை, எசேனர் என்பது எஸ்ஸேனோய் என்ற கிரேக்க உருவத்தை ஒட்டியது. எஸ்ஸீனியர் என்பது ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்தது. நான் எசேனர் என்றே எழுதுகிறேன். உங்கள் சபையாரிடம் இருக்கும் புத்தகங்களில் மற்றது அதிகமாக இருந்தால், முதல் பக்கத்தில் இரண்டும் ஒன்றே என்று ஒரு வரி போட்டுவிட்டு ஏதாவது ஒன்றையே கடைசிவரை எழுதுங்கள்.